தன்னை நம்பியவர் சீட்டை மடித்தார்: 2003 லாஸ் வேகஸ் இறுதி ஆட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நேருக்கு நேர், அதாவது இருவர் மட்டும், போக்கர் என்ற சீட்டாட்டம் ஆட நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை 'தன்னம்பிக்கையோடு ஆடு' என்பதுதான். தைரியமாக ரைஸ் செய் (பந்தயத்தை உயர்த்து), எதிரில் இருப்பவனை முறைத்துப் பார், பதற்றத்தை வெளியே காட்டாதே, இப்படியெல்லாம் சொல்வார்கள். இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 2003 உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில் கிறிஸ் மணிமேக்கர் சாம் ஃபர்ஹாவை ஏமாற்றிய அந்த ஒரு கையை, அதாவது ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடிய ஆட்டத்தை. ஒரு சாதாரணக் கணக்காளர் துணிந்து அடித்தார், பெரிய ஆட்டக்காரர் பயந்துவிட்டார் என்று கதை ஓடும்.

அந்தக் கையைச் சீட்டு சீட்டாகப் பிரித்துப் பார்த்தால் எனக்கு வேறு கதை தெரிகிறது. அந்த மேஜையில் தன்னம்பிக்கை அதிகம் இருந்தவர் ஃபர்ஹா. அவர் சீட்டை மடித்ததற்கு, அதாவது அந்தக் கையை விட்டுக்கொடுத்ததற்கு, அந்தத் தன்னம்பிக்கையே காரணம் என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னணி வேண்டும்.

மேஜையில் இருந்த இருவர்

இடம், லாஸ் வேகஸில் பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. காலம், 2003 மே. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 10,000 டாலர், வந்தவர்கள் 839 பேர். ஆளுக்கு 10,000 சிப் (பந்தய வில்லை) என்பதால் மொத்தம் 83 லட்சத்து 90 ஆயிரம் சிப். கடைசியில் இருவர் மட்டும் மிஞ்சும்போது அத்தனையும் அந்த இருவர் முன்னால் குவிந்திருக்கும். முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 13 லட்சம்.

மணிமேக்கர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கணக்காளராக வேலை பார்த்தவர். அப்போது வயது 27. 'பணம் செய்பவர்' என்று பொருள்படும் அந்தப் பெயர் விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டது என்று பலர் நினைத்தார்கள். நிஜமாகவே குடும்பப் பெயர் அதுதான். போக்கர்ஸ்டார்ஸ் இணையதளத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி ஆடிய தகுதிச் சுற்றில் ஜெயித்து இந்த இடத்தைப் பிடித்தார். மேஜையில் நேரில் உட்கார்ந்து ஆடிய முதல் பெரிய போட்டி இதுதான்.

ஃபர்ஹா அதற்கு நேர் எதிர். பெய்ரூட்டில் பிறந்து, லெபனான் உள்நாட்டுப் போர்க் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்தவர். பெரிய தொகை புழங்கும் மேஜைகளில் காலம் தள்ளிய தொழில்முறை ஆட்டக்காரர். 1996இலேயே ஒமாஹா பிரிவில் உலகத் தொடர்ப் பட்டம் வாங்கியவர். உதட்டில் பற்றவைக்காத சிகரெட் ஒன்று எப்போதும் தொங்கும். பேசிக்கொண்டே ஆடுவார், பேச்சிலேயே எதிராளியை நோட்டம் விடுவார்.

மணிமேக்கர் இதுவரை வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு, அதையும் சொல்லிவிடலாம். பத்துப் பேர் இருந்தபோது தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் ஐவியோடு பெரிய கை ஒன்று ஆடினார். இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில்; இரண்டையும் சேர்த்து நல்ல ஐந்து சீட்டு அமைப்பவர் வெல்வார். மணிமேக்கரிடம் ஏஸ்-ராணி, ஐவியிடம் இரண்டு ஒன்பது, அதாவது ஒன்பது ஜோடி. முதல் மூன்று பொதுச் சீட்டில் இரண்டு ராணிகள் விழ மணிமேக்கர் முந்தினார். நான்காவது சீட்டு ஒன்பது, ஐவிக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் இன்னொன்றில் இரண்டும்) சேர்ந்துவிட்டது. ஐந்தாவதாக ஏஸ் வந்து மணிமேக்கரின் ஃபுல் ஹவுஸ் பெரிதாகிவிட்டது. ஐவி பத்தாவது ஆளாக எழுந்து போனார். அந்த ஏஸ் வராமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மூன்றாமவர் டான் ஹாரிங்டன் வெளியேறிய பிறகு மணிமேக்கரும் ஃபர்ஹாவும் மட்டும். சிப் கணக்கில் மணிமேக்கர் தெளிவாக முன்னால். அந்த இடைவேளையில் நடந்த ஒரு பேச்சுதான் என் வாதத்துக்கு ஆணிவேர். மிச்சமிருக்கும் பரிசைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று ஃபர்ஹாவிடம் கேட்டதாக மணிமேக்கர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணக்குப் போட்டால் ஆளுக்கு 19 லட்சம். சிப் அதிகம் வைத்திருந்தவர் சமமாகப் பிரிப்போம் என்கிறார். குறைவாக வைத்திருந்தவர் வேண்டாம் என்கிறார். இருவரும் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்தால் ஃபர்ஹாதான் பலசாலி என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

இருவர் ஆட்டம் எங்கே மாறுகிறது

ரம்மி பழகியவர்களுக்குப் போக்கரில் முதலில் இடிப்பது, கையில் நல்ல சீட்டு சேர்வது இங்கே பாதிக் கதைதான் என்பது. அதிலும் இருவர் மட்டும் ஆடும்போது அந்தப் பாதியும் சுருங்கிவிடும்.

ஒன்பது பேர் மேஜையில் சுமாரான சீட்டு வந்தால் மடித்துவிட்டு டீ குடிக்கலாம். பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம் சுற்றுக்கு இரண்டு முறைதான் உங்களிடம் வரும். இருவர் ஆட்டத்தில் அது ஒவ்வொரு கையிலும் உண்டு. நல்ல சீட்டுக்குக் காத்திருந்தால் காத்திருக்கும்போதே சிப் கரைந்துபோகும். ஆகவே ராணி-ஏழு போன்ற, பெரிய மேஜையில் திரும்பிப் பார்க்காத சீட்டையும் ஆடித்தான் ஆக வேண்டும். எந்தச் சீட்டு என்றே தெரியாத எதிராளிக்கு எதிராக ராணி-ஏழு பாதிக்குக் கொஞ்சம் மேல் வெல்லும். அதாவது இருவர் ஆட்டத்தில் சராசரிக் கை என்பதே அவ்வளவுதான்.

அடுத்த கணக்கு இன்னும் முக்கியம். கையில் ஜோடி இல்லாத இரண்டு சீட்டோடு ஃப்ளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டைப் பார்த்தால், ஏதாவது ஒன்று ஜோடி சேர்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவைதான். மீதி இரண்டு தடவையும் உங்களுக்கு ஒன்றும் இல்லை. எதிராளிக்கும் அதே நிலைதான். பெரும்பாலான கைகளில் இரண்டு பேரிடமும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. யார் முதலில் விடுகிறார் என்பதுதான் ஆட்டம்.

இடம் இன்னொரு விஷயம். டீலர் பட்டன், அதாவது சீட்டுப் போடுபவரின் இடத்தைக் குறிக்கும் வில்லை, யாரிடம் இருக்கிறதோ அவர் சின்ன பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் சிறியது) போடுவார், சீட்டுத் திறக்கும் முன் முதலில் பேசுவார், திறந்த பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசுவார். எதிராளி என்ன செய்தார் என்று பார்த்த பிறகு முடிவெடுப்பது பெரிய சலுகை. நாம் பார்க்கப்போகும் கையில் அந்தச் சலுகை மணிமேக்கரிடம் இருந்தது. ப்ளஃப்பைப் பற்றி, அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் பந்தயம் கட்டி ஏமாற்றுவதைப் பற்றி, பேசுகிறவர்கள் இதை ஏனோ பேசுவதில்லை.

அந்தக் கை

மணிமேக்கரிடம் இஸ்பேட் ராஜா, ஆட்டின் ஏழு. ஃபர்ஹாவிடம் இஸ்பேட் ராணி, ஆட்டின் ஒன்பது. மணிமேக்கர் 1,00,000க்கு ரைஸ் செய்தார், ஃபர்ஹா கால் செய்தார், அதாவது அதே தொகையைப் போட்டார். நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஃப்ளாப்: இஸ்பேட் ஒன்பது, டைமண்ட் இரண்டு, இஸ்பேட் ஆறு. ஃபர்ஹாவுக்கு மேல் ஜோடி சேர்ந்துவிட்டது, மேஜையில் உள்ளதில் பெரிய சீட்டான ஒன்பதோடு ஜோடி. ஆனாலும் செக் செய்தார், அதாவது பந்தயம் கட்டாமல் முறையை விட்டார். எதிராளி பந்தயம் கட்டட்டும் என்று பொறி வைத்தார் என்றே எடுத்துக்கொள்ளலாம். மணிமேக்கரும் செக் செய்தார்.

நான்காவது சீட்டு, அதாவது டர்ன்: இஸ்பேட் எட்டு. இங்கேதான் ஆட்டம் சூடு பிடித்தது. மேஜையில் இப்போது மூன்று இஸ்பேட். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடியோடு ராணி வரைக்குமான ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு பாக்கி. மணிமேக்கரிடம் ஜோடிகூடக் கிடையாது. ஆனால் இஸ்பேட் ராஜா இருப்பதால் இன்னொரு இஸ்பேட் விழுந்தால் ஃபர்ஹாவுடையதைவிடப் பெரிய ஃப்ளஷ். அதோடு 6-7-8-9 வரிசையாக நிற்கிறது. ஐந்தோ பத்தோ வந்தால் ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு.

ஃபர்ஹா 3 லட்சம் கட்டினார். நடுவில் இருந்ததே 2 லட்சம் சொச்சம்தான். அதைவிடப் பெரிய பந்தயம். மணிமேக்கர் 8 லட்சமாக உயர்த்தினார். ஃபர்ஹா கால் செய்தார்.

ஆளுக்கு 9 லட்சம் உள்ளே போயாயிற்று. நடுவில் 18 லட்சம், ஆன்டி (கைதோறும் முன்கூட்டியே போடும் சிறு தொகை) தனி. போட்டியின் மொத்தச் சிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

கடைசிச் சீட்டு, ரிவர்: ஆட்டின் மூன்று. ஒருவருக்கும் உதவாத சீட்டு. ஃபர்ஹா செக். மணிமேக்கர் ஆல்-இன், அதாவது மிச்சம் உள்ள எல்லாச் சிப்பும் பந்தயம்.

கையில் ராஜா மட்டும். ஜோடி இல்லை, ஃப்ளஷ் இல்லை, ஸ்ட்ரெய்ட் இல்லை. ஃபர்ஹா கால் செய்து தோற்றால் ஆட்டம் முடிந்தது, அல்லது முடிந்ததற்குச் சமம். கால் செய்து வென்றால் முன்னிலை அவர் பக்கம் சாய்ந்துவிடும். ஃபர்ஹா உட்கார்ந்து யோசித்தார். தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக எதிரே இருந்த மணிமேக்கரைப் பார்த்து, "ஃப்ளஷ் விழாமல் போயிருக்கும், இல்லையா?" என்கிற மாதிரி கேட்டார்.

சரியாகக் கேட்டார். ஃப்ளஷ் விழவில்லைதான். மணிமேக்கர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபர்ஹா ஒன்பது ஜோடியை மடித்துவிட்டார். வர்ணனை செய்துகொண்டிருந்த நார்மன் சாட், நூற்றாண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றாலும் நூற்றாண்டின் ப்ளஃப் இதுதான் என்று அறிவித்தார். இ.எஸ்.பி.என். ஒளிபரப்பில் மேஜைக் கேமரா வழியாக இருவர் சீட்டும் தெரிந்ததால் பார்த்தவர்களுக்குப் புல்லரித்தது. ஃபர்ஹாவுக்கு அந்த வசதி இல்லை என்பதை அடிக்கடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டர்னில் நடந்தது துணிச்சலா, கணக்கா

எல்லோரும் ரிவர் ஆல்-இன்னைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது டர்னில் வந்த 8 லட்சம்.

எண்ணிப் பாருங்கள். இருவர் கையும் மேஜையில் நாலும் போக 44 சீட்டு பாக்கி. மணிமேக்கருக்கு உதவும் இஸ்பேட் சீட்டுகள் 8. இஸ்பேட் அல்லாத ஐந்துகள் 3, பத்துகள் 3, ஆக 6. ராஜா விழுந்தாலும் ஒன்பது ஜோடியை வெல்லும், அது 3. மொத்தம் 17 சீட்டு. 44இல் 17 என்றால் கிட்டத்தட்ட 39 சதவீதம். ஜோடிகூட இல்லாத கைக்கு இது அபாரம்.

இப்போது ரைஸின் விலை. ஃபர்ஹா உடனே மடித்தால் நடுவில் இருக்கும் 5 லட்சம் மணிமேக்கருக்கு. கால் செய்தால் 8 லட்சம் போட்டு, 18 லட்சத்தில் 39 சதவீதப் பங்கு, அதாவது 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மதிப்பு கையில் நிற்கும். சராசரியாக ஒரு லட்சம் போல நட்டம். ஒரு பக்கம் 5 லட்சம் லாபம், இன்னொரு பக்கம் 1 லட்சம் நட்டம். ஆறு தடவைக்கு ஒரு தடவை ஃபர்ஹா மடித்தாலே இந்த ரைஸ் கட்டுப்படியாகிவிடும். ரிவரில் அடுத்த பந்தயம் உண்டு என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியாகப் பேசும் இடம் மணிமேக்கரிடம் இருப்பதால் அதுவும் அவருக்குத்தான் சாதகம்.

இதில் வீரம் எங்கே இருக்கிறது? தோற்றாலும் முழுதாகத் தோற்காத ஒரு பந்தயம், அவ்வளவுதான். இருவர் ஆட்டத்தில் நிதானமாகத் தெரிகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட பந்தயங்களைத் தேர்ந்தெடுத்து வைப்பவர்கள். முகத்தில் தெரியும் அமைதி அதற்கப்புறம் வருவது. மேஜையில் நடுங்குகிறவரின் கையைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சீட்டும் உதவாத நிலையில் பெரிய தொகையைத் தள்ளிவிட்டு, அவன் மடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருப்பார்.

ரிவரில் சொன்ன கதை

ரிவரில் நிலைமை வேறு. இனி சீட்டு வராது. ப்ளஃப் பலித்தால் பிழைக்கலாம், பலிக்காவிட்டால் போயிற்று. நடுவில் இருக்கும் தொகைக்குச் சமமாகக் கட்டினால் இரண்டில் ஒரு தடவையாவது எதிராளி மடிக்க வேண்டும். அதைப்போல இரண்டு மடங்கு கட்டினால் மூன்றில் இரண்டு தடவை. அந்தளவுக்கு ஃபர்ஹா மடிப்பார் என்று எதை வைத்து எதிர்பார்ப்பது?

எதிராளி நம்பும்படி ஒரு கதை வேண்டும். மணிமேக்கரின் கதை ஓட்டை இல்லாதது. தொடக்கத்தில் ரைஸ். இரண்டு இஸ்பேட் உள்ள ஃப்ளாப்பில் செக். ஃப்ளஷுக்குக் காத்திருப்பவர் அப்படிச் செய்வதுண்டு. மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் திடீரென்று 8 லட்சம். உதவாத ரிவர் வந்தும் பின்வாங்காமல் மிச்சம் எல்லாம். இரண்டு இஸ்பேட் கையில் உள்ளவர் எப்படி ஆடுவாரோ அதேபோல ஒவ்வொரு படியும் அமைந்திருக்கிறது. பத்து-ஏழு, ஏழு-ஐந்து வைத்து ஸ்ட்ரெய்ட் சேர்ந்தவரும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆடுவார்.

ஃபர்ஹா சொன்ன கதையையும் கவனியுங்கள். டர்னில் பெரிய பந்தயம் கட்டியவர், ரைஸ் வந்ததும் வெறும் கால், ரிவரில் செக். ஃப்ளஷ் சேர்ந்த ஆள் இப்படி அடங்கிப்போவது அபூர்வம். என்னிடம் ஏதோ இருக்கிறது, பெரிதாக இல்லை என்று மேஜைக்கே அறிவித்துவிட்டார். அதோடு மணிமேக்கர் கையில் இருந்த இரண்டு சீட்டும் உதவின. இஸ்பேட் ராஜா தன்னிடம் இருப்பதால் ஃபர்ஹாவிடம் ராஜா வைத்த ஃப்ளஷ் இருக்க வழியில்லை. ஏழு ஒன்று தன்னிடம் இருப்பதால் ஃபர்ஹாவிடம் ஸ்ட்ரெய்ட் இருக்கும் வாய்ப்பும் குறைகிறது. மணிமேக்கர் அன்று இத்தனையும் எண்ணினாரா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எண்ணாமலே செய்திருந்தாலும் எண்ணியவர் செய்யக்கூடியதைத்தான் செய்தார்.

ப்ளஃப் செய்யப்போகிறவர் ரிவருக்கு வந்த பிறகு கதை யோசிக்கத் தொடங்கினால் தாமதம். கதை ஃப்ளாப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் ஒரு படி பொருந்தாவிட்டால் அனுபவசாலி அந்த இடத்தில் விரலை வைத்துவிடுவார்.

ஃபர்ஹா ஏன் மடித்தார்

இனி என் கட்சிக்கு வருகிறேன். ஃபர்ஹா விடையை வாய்விட்டே சொன்னார். ஃப்ளஷ் விழவில்லை என்று யூகித்தார். யூகம் சரி. பிறகு ஏன் கால் செய்யவில்லை?

பயம் என்று சொல்வது எளிது. வாழ்நாள் முழுக்கப் பெரிய தொகைக்கு ஆடியவர், 19 லட்சம் நிச்சயமாகக் கிடைக்கும் என்ற ஒப்பந்தத்தை மறுத்தவர், சிப்பைப் பார்த்துப் பயந்தார் என்பது எனக்கு ஒட்டவில்லை. என் ஊகம் இது. ஃபர்ஹா தன்னை மேலான ஆட்டக்காரர் என்று நினைத்தார். மேலானவருக்கு அவசரம் கிடையாது. இந்தக் கையில் அரைகுறை நிச்சயத்தோடு எல்லாவற்றையும் பணயம் வைப்பானேன்? இப்போது மடித்துவிட்டு, சின்னச் சின்னக் கைகளில் இந்தக் கணக்குப்பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடலாம். நல்ல வாய்ப்பு இன்னும் எத்தனையோ வரும்.

திறமை அதிகம் உள்ளவர் பெரிய சூதைத் தவிர்த்து ஆட்டத்தை நீட்டிப்பது கொள்கை அளவில் நியாயமானதுதான். ஆனால் அப்படி நினைப்பவர் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அதுவே பலவீனம். எந்தப் பெரிய பந்தயத்துக்கும் அவரிடம் ஒரு சாக்கு தயாராக இருக்கும்: பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மணிமேக்கருக்கு அந்தச் சாக்கு இல்லை. நீண்ட ஆட்டத்தில் தான் தேய்ந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். சமமாகப் பிரிக்கலாமா என்று அவர் கேட்டதே அதற்குச் சாட்சி. எதிராளியின் நுணுக்கம் செல்லாத ஓர் இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுபோக வேண்டும். ஆல்-இன் அப்படிப்பட்ட இடம். அங்கே அனுபவத்துக்கு வேலை குறைவு. பதில் ஆம் அல்லது இல்லை. தான் பலவீனமானவன் என்று ஒப்புக்கொண்ட ஆள், தன் நிலைமைக்குப் பொருத்தமான ஆயுதத்தை எடுத்தார். இதைத் தன்னம்பிக்கை என்று அழைக்கலாமா என்பது வேறு விவாதம். பிறருக்கு அப்படித்தான் தெரிந்தது.

மடித்தது தவறா என்று கேட்டால், சீட்டைப் பார்த்துவிட்ட நாம் தவறு என்போம். சீட்டைப் பார்க்காமல் யோசித்தால் அவ்வளவு எளிதில்லை. ஒன்பது ஜோடி அந்த இடத்தில் ப்ளஃப்பை மட்டுமே வெல்லும். மணிமேக்கர் உண்மையாகவே ஆல்-இன் செய்யும் எந்தக் கையையும் வெல்லாது. நடுவில் இருப்பதற்குச் சமமான பந்தயம் என்றால் மூன்றில் ஒரு தடவை ப்ளஃப்பாக இருந்தாலே கால் செய்யலாம். இரண்டு மடங்கு என்றாலும் ஐந்தில் இரண்டு தடவை போதும். போதாக்குறைக்கு இஸ்பேட் ராணி ஃபர்ஹா கையிலேயே இருந்தது. மணிமேக்கரிடம் ஃப்ளஷ் இருக்கும் வழிகளில் ஒரு பகுதியை அது அடைத்துவிடுகிறது. நானாக இருந்தால் கால் செய்திருப்பேன் என்று சோபாவில் உட்கார்ந்து சொல்வது சுலபம். ஆனாலும் அந்த ராணியின் பொருட்டு, மடித்தது தவறு என்ற பக்கம்தான் சாய்கிறேன்.

பிற்காலத்தில் இயந்திரங்கள் வந்து இந்த விவாதத்தைக் கொஞ்சம் தெளிவாக்கின. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் என்ற நிரல், நேருக்கு நேர் ஆட்டத்தில் தேர்ந்த நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடி வென்றது. எதிராளிகளைத் திணறடித்த அதன் பழக்கங்களில் ஒன்று, நடுவில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய பந்தயங்களைக் கட்டுவது, நல்ல கையோடும் வெறுங்கையோடும். அதற்கு முகமும் இல்லை, நடுக்கமும் இல்லை. எந்த விகிதத்தில் ப்ளஃப் கலக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். 'முகத்தைப் படி' பாணி அறிவுரைகள் மேல் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச மரியாதை அதோடு போயிற்று.

கடைசிக் கை

ப்ளஃப்புக்குப் பிறகு ஆட்டம் வெகுநேரம் நீடிக்கவில்லை. ஃபர்ஹாவிடம் ஜாக்கி-பத்து, மணிமேக்கரிடம் ஐந்து-நான்கு. ஃப்ளாப்: ஜாக்கி, ஐந்து, நான்கு. ஃபர்ஹாவுக்கு மேல் ஜோடி. மணிமேக்கருக்கு அடியில் இரண்டு ஜோடி. மணிமேக்கர் செக், ஃபர்ஹா பந்தயம், மணிமேக்கர் சின்னதாக ஒரு ரைஸ். ஃபர்ஹா ஆல்-இன். மணிமேக்கர் உடனே கால்.

இந்த நிலையில் ஃபர்ஹாவுக்கு நேரடியாக உதவும் சீட்டு ஐந்துதான்: இரண்டு ஜாக்கி, மூன்று பத்து. வந்தது எட்டு, அடுத்தது ஐந்து. மணிமேக்கருக்கு ஃபுல் ஹவுஸ், பட்டம், 25 லட்சம்.

ஒன்பது ஜோடியில் காத்திருக்கலாம் என்று மடித்தவர் ஜாக்கி ஜோடியில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். சிப் குறைந்துபோனதால் காத்திருக்கும் சௌகரியம் அவருக்கு இப்போது இல்லை. முந்தைய ப்ளஃப்பின் எரிச்சலும் சேர்ந்திருக்கலாம். ஒரு தடவை ஏமாற்றப்பட்டோமோ என்ற சந்தேகம் வந்த ஆள், அடுத்த தடவை எதிராளி உண்மை பேசும்போதும் நம்ப மாட்டார். ப்ளஃப்பின் லாபம் அந்தக் கையோடு நிற்பதில்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். மற்றபடி ஃப்ளாப் அப்படி விழுந்தது வெறும் அதிர்ஷ்டம். ஃபர்ஹா இடத்தில் இருவர் ஆட்டத்தில் அநேகமாக எல்லோருமே அங்கே சிக்கியிருப்பார்கள்.

839 பேர் வந்த போட்டிக்கு மறு ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். 2006இல் 8,773. நம்மாலும் முடியும் என்று நினைத்து வந்த கூட்டம். அவர்களில் எத்தனை பேர் டர்ன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்களோ தெரியாது.

நாம் ஆடும்போது

இந்தியாவில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025இல் நாடு முழுதும் தடை வந்துவிட்டது. ஆகவே இங்கே நான் சொல்வது வீட்டில், நண்பரோடு, காசு இல்லாமல் வெறும் சிப் வைத்து ஆடுபவர்களுக்கு. பணம் வைக்காவிட்டால் ப்ளஃப் எடுபடாது என்பார்கள்; ஓரளவு உண்மைதான். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

இந்தக் கையை அப்படியே மேஜையில் பரப்பி ஆடிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஒருவர் ஃபர்ஹா, ஒருவர் மணிமேக்கர். டர்ன் வரை நடந்தது நடந்தபடி. ரிவரில் ஃபர்ஹாவாக இருப்பவர், எதிராளியிடம் என்னென்ன சீட்டு இருக்கக்கூடும் என்று தாளில் எழுதட்டும்: ஒரு பத்தியில் தன்னை வெல்பவை, இன்னொரு பத்தியில் தான் வெல்பவை. எழுதி முடித்த பிறகுதான் கால் அல்லது மடி. இப்படிப் பத்துப் பதினைந்து கைகளைப் பிரித்துப் பார்த்தவர் ஆடும்போது அவர் முகத்தில் தானாகவே ஒரு நிதானம் வந்துவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிராளி எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல் மணிமேக்கரைக் காப்பியடிப்பதுதான் இந்தக் கதையைக் கேட்ட பலரும் செய்வது. ஃபர்ஹாவிடம் அந்த ஆல்-இன் பலித்தது, ஒரு நல்ல கையை விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்க அவருக்குத் தெம்பு இருந்ததால். நேற்றுதான் ஆட்டம் பழகிய உங்கள் மச்சானுக்கு அந்தத் தெம்பு இருக்காது. ஒன்பது ஜோடி கிடைத்த சந்தோஷத்தில், நீங்கள் வீடு வாசலைக் கட்டினாலும் "பார்த்துடலாம் மாப்ள" என்று கால் செய்துவிடுவார். அவரிடம் ப்ளஃப் வேண்டாம். நல்ல கை வரும்போது பெரிதாகக் கட்டிக்கொண்டே போங்கள், போதும்.